வாங்கும் படியும் கொடுக்கும் படியும்



படியைப் பற்றி வியாபாரிக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. சரக்கு வாங்க ஒரு படியும் விற்க வேறொரு படியும் வைத்திருப்பவனைக் கடைத்தெருவில் எவரும் மதிப்பதில்லை. தனக்கு வாங்கும்போது நிறைய அளந்துகொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்து அளப்பவர்களை எச்சரிக்கும் ஸூரத்துல் முதஃப்பிஃபீனை நாம் சிறு வயதிலே மதரஸாவில் ஓதியிருக்கிறோம். அந்த எச்சரிக்கை மிளகுக்கும் அரிசிக்கும் மட்டுமே உரியதென்று வெகுகாலம் எண்ணியிருந்தோம். எழுத்துக்கும் பாட்டுக்கும்கூட அது பொருந்தும் என்பதை நாமே எழுதிய ஒரு சிறு பிரசுரத்தால் கற்றுக்கொண்டோம்.

நாம் சட்டம் படித்தவரல்லர். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும்தான் நம் கல்வி. ஆயினும் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயத்தைப் பிறர் படாமலே தெரிந்துகொள்ளட்டும் என்று, பதிப்புரிமைச் சட்டத்தைப் பற்றி இந்தப் பாடத்தை எழுதத் துணிந்தோம்.

நம் பிரசுரம் பட்ட பாடு

2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி இந்நாட்டில் 6 சதவிகிதப் பொருள் சேவை வரி அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய மாதங்களில் பினாங்குக் கடைத்தெருவில் இருந்த கலக்கத்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மலாயும் ஆங்கிலமும் சரளமாகப் படிக்க வராத சிறு கடைக்காரர்கள், யார் பதிவு செய்யவேண்டும், ரசீதில் என்ன எழுதவேண்டும் என்று தெரியாமல் திகைத்தார்கள். நம்மிடமும் பலர் வந்து கேட்டார்கள்.

ஆகவே, கடை அடைத்த பிறகு இரவு இரவாக உட்கார்ந்து, கணக்காளர் ஒருவரிடம் சந்தேகம் கேட்டுக் கேட்டு, மூன்று மாதத்தில் 32 பக்கத்தில் தமிழில் ஒரு பிரசுரம் எழுதினோம். கைப்பணம் போட்டு 500 பிரதிகள் அச்சடித்தோம். விலை 3 வெள்ளி. லாபத்தை எண்ணிச் செய்யவில்லை என்றாலும், அச்சுக்கூலியாவது திரும்பும் என்று எண்ணியது வாஸ்தவம்.

சுமார் 180 பிரதிகள் விற்றன. அத்துடன் விற்பனை நின்றுவிட்டது. காரணம் புரியவில்லை. அப்படியிருக்கையில் ஒரு நாள், தேநீர்க் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் முகம் சிவக்க நம் கடைக்கு வந்தார்.

"நானா, உங்கள் புத்தகத்தை நம்பித்தானே ஏஜெண்டிடம் 600 வெள்ளி கொடுத்துப் பதிவு செய்தேன்! எனக்குப் பதிவே தேவையில்லையாமே?" என்றார்.

அவர் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தோம். அது நம் பிரசுரமே, ஆனால் நம்முடையதன்று! மேலட்டை வேறு, தலைப்பு வேறு, நம் பெயர் இருந்த இடத்தில் வேறொரு கடையின் விளம்பரம். உள்ளே நம் வாக்கியங்கள் வரிக்கு வரி இருந்தன. மறுபடி எழுத்துக் கோத்தவர் ஓரிடத்தில் ஒரு சுழியை விட்டுவிட்டார். ஆண்டுக்கு 500,000 வெள்ளிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் கட்டாயம் பதிவு செய்யவேண்டும் என்று நாம் எழுதியிருந்தது, 50,000 வெள்ளி என்று ஆகிவிட்டது. ஒரு சுழி போனதால் ஓர் ஏழை வியாபாரியின் 600 வெள்ளியும் போயிற்று.

நாம் கோபத்துடன், அதை அச்சடித்த கடைக்காரரைத் தேடிப் போனோம். அவர் நமக்கு அந்நியரல்லர். நம் வாப்பா காலத்திலிருந்து பழக்கமுள்ளவர். நம்மை உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார்.

"நல்ல விஷயந்தானே தம்பி, நாலு பேருக்குப் போய்ச் சேரட்டும் என்று போட்டேன். சும்மாதானே கொடுத்தேன், காசா வாங்கினேன்?" என்றார்.

"என் பெயரை எடுத்துவிட்டீர்களே, நானா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றோம்.

அவர் சிரித்துக்கொண்டே, "உன் வாப்பா கடையில் நீ கேசட் பதிந்து விற்றாயே, அப்போது யாரிடம் கேட்டாய்?" என்றார்.

அதற்கு நம்மிடம் பதில் இல்லை. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தோம்.

அவர் சொன்னது உண்மை. 1990-களின் பிற்பாதியில், வாப்பாவின் கடையில் நாம் பையனாக நின்ற காலத்தில், இஸ்லாமியப் பாட்டுக் கேசட்டுகளுக்கு நல்ல கிராக்கி இருந்தது. சென்னையிலிருந்து வந்த அசல் கேசட் ஒன்றை வைத்துக்கொண்டு, இரட்டைக் கேசட் பெட்டியில் இரவெல்லாம் பதிந்து, பாதி விலைக்கும் குறைவாக விற்றோம். பாடியவருக்கோ, பாட்டெழுதியவருக்கோ, வாத்தியம் வாசித்தவருக்கோ ஒரு காசு போகவில்லை. மார்க்கப் பாட்டைப் பரப்புகிறோம் என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டோம். பிரசுரத்தை அச்சடித்தவர் நம்மிடம் சொன்ன சமாதானமும் அதுவேயல்லவா?

தமிழில் அளக்கும் கருவிக்கும் படி என்று பெயர்; நகலுக்கும் படி என்று பெயர். கேசட்டை எடுத்தபோது ஒரு படியும், பிரசுரத்தை இழந்தபோது வேறொரு படியும் வைத்திருந்தோம் என்பது அன்றிரவுதான் நமக்கு உறைத்தது. அதன் பிறகே, இந்தச் சட்டம் என்னதான் சொல்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினோம்.

சட்டம் வந்த வரலாறு

அச்சு இயந்திரம் வருமுன் நூல்களைக் கையால் எழுதியே பரப்பினார்கள். நம் மதரஸாக்களின் மரபிலும் கிதாபைப் பார்த்தெழுதுவது குற்றமாகக் கருதப்படவில்லை. ஆனால், இந்த நூல் இன்னாருடையது, அதை இன்னாரிடம் ஓதி இஜாஸா பெற்றவர் இன்னார் என்னும் ஸனதை மிகக் கவனமாகக் காத்தார்கள். எழுத்தை எல்லோரும் எடுக்கலாம். பெயரை மாற்றவோ சொல்லைத் திரிக்கவோ கூடாது என்பதே அந்த ஒழுங்கு.

அச்சு வந்தபின், ஒருவர் எழுதியதை மற்றொருவர் ஆயிரக்கணக்கில் அடித்து விற்கலாமென்று ஆயிற்று. 1710-இல் இங்கிலாந்தில் ஆன் அரசி காலத்துச் சட்டம் அமலுக்கு வந்தது. கல்வியை ஊக்குவிப்பதே அதன் நோக்கமென்று அதன் தலைப்பிலேயே எழுதினார்கள். அனுமதியில்லாத அச்சடிப்பு எழுதியவரையும் அவர் குடும்பத்தையும் அழிக்கிறது என்று அதன் முன்னுரை காரணம் கூறிற்று. புதிய நூலுக்கு 14 ஆண்டுகள் உரிமை, அதன்பின் ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னும் 14 ஆண்டுகள், அவ்வளவே. ஆசிரியர் பிழைக்கவும் வேண்டும், நூல் பிற்பாடு ஜனங்களுக்குச் சேரவும் வேண்டும் என்று இரண்டு தட்டையும் பார்த்து நிறுத்த முயன்றார்கள்.

1886-இல் பல நாடுகள் பெர்ன் நகரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒரு நாட்டாரின் படைப்பை மற்ற நாடுகளும் காக்கவேண்டும் என்பது அதன் சாரம். பினாங்கும் சிங்கப்பூரும் சேர்ந்திருந்த நீரிணைக் குடியேற்றங்களுக்கு, பிரிட்டிஷாரின் 1911-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் மலேசியாவில் 1969-இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 1987-இல் இப்போதுள்ள பதிப்புரிமைச் சட்டமும் இயற்றப்பட்டன. 1990-இல் மலேசியா பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்தது. ஆகவே, "சென்னைக் கேசட்தானே, இங்கே யார் கேட்பது?" என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே அது இந்நாட்டில் காக்கப்பட்ட பொருளாக இருந்தது. நமக்குத் தெரியாதிருந்ததே தவிர, சட்டம் இருந்தது.

வியாபாரி அறியவேண்டியவை

முதலாவது: சட்டம் கருத்தைக் காப்பதில்லை; கருத்தை எழுதிய முறையைக் காக்கிறது. அரசாங்கத்தின் சட்ட வாசகம் எவருக்கும் தனிச் சொத்தன்று. ஆகவே அந்த வரியை விளக்கி நூறு பேர் நூறு பிரசுரம் எழுதலாம். நம் வாக்கியங்களை அப்படியே எடுப்பதுதான் தவறு. பக்கத்துக் கடைக்காரர் நம்மைப் பார்த்துப் பிரியாணி போட்டால் பதிப்புரிமைச் சட்டத்தில் அதற்கு வழக்கில்லை. நாம் எழுதிய சமையல் நூலை அச்சடித்தால் வழக்குண்டு.

இரண்டாவது: இந்த உரிமைக்குப் பதிவு கட்டாயமன்று. எழுதி முடித்தவுடன் உரிமை வந்துவிடுகிறது. 2012 முதல் அறிவுசார் சொத்துக் கழகத்தில் விரும்பினால் அறிவிப்புக் கொடுத்துவைக்கலாம். பின்னால் தகராறு வந்தால் அது சாட்சியாக உதவும்.

மூன்றாவது: சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் தம் வேலையாகச் செய்தது, வேறு ஏற்பாடு இல்லாவிடில், முதலாளியைச் சேரும். வெளியாள் ஒருவரிடம் கூலி பேசிச் செய்வித்தால், அதுவும் வேறு ஏற்பாடு இல்லாவிடில், செய்வித்தவரைச் சேரும். ஆகையால் கடைச் சின்னம், பொட்டல அட்டை முதலியவற்றை வரையச் சொல்லும்போதே இரண்டு வரியில் எழுதி வாங்கிக்கொள்வது இரு சாராருக்கும் நல்லது.

நான்காவது: எழுதியவருக்குப் பணவுரிமை மட்டுமன்றி, பெயருரிமையும் உண்டு. உரிமையை விற்றுவிட்டாலும், தம் பெயரை மறைப்பதையும் தம் மதிப்புக்குக் கேடு வரும்படி சொல்லைத் திரிப்பதையும் அவர் ஆட்சேபிக்கலாம்.

ஐந்தாவது: சொந்தப் படிப்பு, ஆராய்ச்சி, விமர்சனம், செய்தி முதலியவற்றுக்கு நியாயமான அளவில் எடுத்தாள்வதைச் சட்டம் அனுமதிக்கிறது. மாணவன் தன் படிப்புக்காகச் சில பக்கம் நகல் எடுப்பதும், கடைக்காரர் முழு நூலை நகலெடுத்து விற்பதும் ஒன்றல்ல.

ஆறாவது: திருட்டுப் பிரதிகளை விற்பது கிரிமினல் குற்றம். பிரதி ஒன்றுக்கு 2,000 முதல் 20,000 வெள்ளி வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒரே படைப்பின் திருட்டுப் பிரதிகள் ஒரே வடிவத்தில் மூன்று இருந்தாலே, அவை சொந்த உபயோகத்துக்கல்ல என்று சட்டம் அனுமானிக்கும். இல்லையென்று நிரூபிப்பது நம் பொறுப்பு. கல்லாவுக்குக் கீழே மூன்று தட்டு வைத்திருப்பவர்கள் இதை நன்றாக மனத்தில் வைக்கவேண்டும்.

ஏழாவது: வீட்டில் பாட்டுக் கேட்பது வேறு, வாடிக்கையாளர் கேட்கும்படி கடையில் போடுவது வேறு. கடையில் போடுவது பொது நிகழ்ச்சி என்று கருதப்படும். அதற்கு, பாட்டெழுதி மெட்டமைத்தவர் சார்பிலும், ஒலிப்பதிவை வெளியிட்டவர் சார்பிலும் உரிமக் கட்டணம் கேட்பார்கள். அசல் தட்டைக் காசு கொடுத்து வாங்கினோமே என்பது அதற்குப் பதிலாகாது.

நம் மனம் ஒப்பாதவை

இவ்வளவும் சரியென்றே ஒப்புக்கொள்கிறோமா என்று கேட்டால், இல்லையென்றே சொல்லவேண்டும். இரண்டு விஷயத்தில் நம் மனம் இன்னும் இரண்டு பக்கமும் இழுக்கிறது.

ஒன்று, காலக்கணக்கு. 1710-இல் அதிகம் போனால் 28 ஆண்டு என்றிருந்தது, இன்று எழுதியவர் இறந்த பிறகும் மலேசியாவில் 50 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டு, சிங்கப்பூரில் 70 ஆண்டு என்று நீண்டுவிட்டது. எழுதியவரும் அவர் மனைவி மக்களும் பிழைப்பதற்கு உரிமை வேண்டும் என்பது நியாயம். பேரனின் பேரன் வரைக்கும் வேண்டுமா? நம் சமூகத்துப் பெரியவர்கள் இங்கே அச்சிட்ட சிறு நூல்கள் பல பழைய பெட்டிகளில் செல்லரித்துக் கிடக்கின்றன. அப்படிப்பட்ட நூலொன்றை மறுபடி அச்சிட ஒரு பெரியவர் நம்மிடம் யோசனை கேட்டார். எழுதியவர் எந்த ஆண்டு மௌத்தானார், வாரிசுகள் இங்கே இருக்கிறார்களா, ஊர் திரும்பிவிட்டார்களா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. யாரிடம் அனுமதி கேட்பது? அதைக் கண்டுபிடிப்பதற்குள் புத்தகமே பொடியாகிவிடும் போலிருக்கிறது. காப்பதற்கு வந்த சட்டம் இங்கே புதைப்பதற்கு உதவுகிறது.

இதற்கு ஒரு வழி இருப்பதைத் தமிழர்கள் அறிவார்கள். சுப்பிரமணிய பாரதியார் 1921-இல் காலமானார். அவருடைய பாட்டுகளை இசைத்தட்டிலும் சினிமாவிலும் பயன்படுத்தும் உரிமை பின்னர் தனியார் கைக்குப் போயிருந்தது. அவர் பாட்டு ஜனங்களுடையது என்று கோரிக்கை எழுந்தது. 1949-இல் சென்னை அரசாங்கம் உரிமையை ஏற்று, குடும்பத்தாருக்குத் தொகை கொடுத்து, பிற்பாடு எழுத்துகளைப் பொதுவாக்கிற்று. அதன்பின் தமிழ்நாட்டில் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் இப்படி நாட்டுடைமையாகியிருக்கின்றன. குடும்பத்துக்கும் நியாயம், வாசகனுக்கும் நியாயம் என்று பார்த்தால் இது நேரான தராசு என்றே தோன்றுகிறது.

மற்றொன்று, கட்டணக்கணக்கு. பெரிய பேரங்காடிக்கு உரிமக் கட்டணம் ஒரு செலவாகவே தெரியாது. நாலு மேசை போட்ட கடைக்காரருக்கு அது பாரம். அந்தக் காசில் எத்தனை காசு நாகூரிலோ சென்னையிலோ இருக்கும் பாட்டுக்காரரின் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது என்பது நம் கண்ணுக்குத் தெரிவதுமில்லை. கட்டும்போதெல்லாம் மனம் முணுமுணுக்கிறது என்பதை மறைக்கவில்லை. ஆனால் பாரமென்பதற்காகக் கட்டாமலே பாட்டை எடுத்துக்கொள்வது, வாடகை அதிகமென்று சொல்லிக் கட்டாமலே குடியிருப்பதைப் போலத்தானே? பாரமென்றால் பாட்டை நிறுத்தலாம். சங்கத்தின் மூலம் கட்டணத்தைக் குறைக்கக் கேட்கலாம்.

ஆலிம்கள் சொல்வது

இது விஷயமாக ஆலிம்களிடமும் கேட்டோம். சென்ற நூற்றாண்டின் ஆலிம்களில் ஒரு சாரார், இல்மை மறைக்கலாகாது, காசு கொடுத்து வாங்கிய நூலை வாங்கியவர் நகலெடுக்கலாம் என்று கருதினார்கள். மற்றொரு சாரார், உழைப்பால் வந்ததும் ஜனங்கள் விலைமதித்து வாங்குவதும் சொத்தே என்றார்கள். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, வியாபாரப் பெயர், வியாபாரச் சின்னம், நூலாக்கம், புதுக்கண்டுபிடிப்பு ஆகியவை உரியவர்களின் உரிமைகளே, அவற்றுக்குப் பணமதிப்பு உண்டு, அவற்றில் அத்துமீறலாகாது என்று தீர்மானித்தது.

நம் கடைப் பெயரையும் சின்னத்தையும் இன்னொருவர் போட்டுக்கொண்டால் நாம் பொறுப்போமா? அதே தீர்மானத்தில், அதே வரிசையில்தான் நூலாக்கமும் வருகிறது என்பதை வியாபாரிகள் கவனிக்கவேண்டும்.

நாம் செய்த முடிவு

இரண்டு வாரம் யோசித்த பின் மறுபடி அந்தக் கடைக்காரரிடம் போனோம். "நானா, கேசட் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. அது என் தவறு. என் தவறு உங்கள் தவறைச் சரியாக்கிவிடாது, உங்கள் தவறும் என்னுடையதை அழித்துவிடாது" என்றோம்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "என்ன செய்யவேண்டும், சொல்" என்றார்.

நாம் நஷ்டஈடு கேட்கவில்லை. மிச்சமிருக்கும் பிரதிகளில் திருத்தச் சீட்டு ஒட்டவும், நம் பெயரைப் போடவும், தேநீர்க் கடைச் சகோதரரின் 600 வெள்ளியில் பாதியை ஏற்கவும் கேட்டோம். மறுபாதியை நாம் ஏற்பதாகச் சொன்னோம். பிழை நம்முடையதன்று, ஆனாலும் அந்தச் சகோதரர் நம் எழுத்தென்று நம்பியல்லவா ஏமாந்தார்? கடைக்காரர் சம்மதித்தார், சொன்னபடியே செய்தார்.

நம் பிரசுரத்தின் மீதிப் பிரதிகளிலும் ஒரு முத்திரை குத்தினோம்: பெயரை நீக்காமல், ஓர் எழுத்தையும் மாற்றாமல், இலவசமாகக் கொடுப்பதாயின் எவரும் நகலெடுக்கலாம், விற்பதாயின் நம்மைக் கேட்கவேண்டும். 2018 ஜூன் 1 முதல் அந்த வரி சுழி வீதமாக்கப்பட்டு, செப்டம்பரில் விற்பனை சேவை வரி திரும்பி வந்தது. பிரசுரத்துக்கு வேலை இல்லாமற் போயிற்று. அச்சுக்கூலி முழுதும் திரும்பவில்லை. ஆனால் முத்திரை குத்திய பிரதியின் நகலை, நம் பெயரோடு, ஈப்போவில் ஒரு கடையில் பார்த்தபோது நஷ்டம் பெரிதாகத் தெரியவில்லை. கேட்டு எடுப்பதற்கும் கேளாமல் எடுப்பதற்கும் உள்ள தூரம் அவ்வளவு!

கேசட் பாக்கிதான் தீரவில்லை. அந்தப் பாடகர்களில் பலர் இன்று இல்லை. யாருடைய பாட்டை எத்தனை பிரதி விற்றோம் என்பதற்குக் கணக்கும் இல்லை. உத்தேசமாக ஒரு தொகை கணக்கிட்டு, பெயர் தெரிந்த ஒரு பாடகரின் குடும்பத்தாருக்குக் கொஞ்சமும், உரியவர் தெரியாத மீதியைத் தர்மத்துக்குமாகக் கொடுத்தோம். அது சரியாக அடைந்ததா என்பதை அல்லாஹ்வே அறிவான்.

இப்போது பிள்ளைகள் கையிலுள்ள கைப்பேசியில் முழு நூலும் முழுப் படமும் ஒரு நொடியில் ஊருக்கெல்லாம் போகின்றன. இரட்டைக் கேசட் பெட்டி ஓரிரவில் செய்ததை அது கண்மூடித் திறக்குமுன் செய்துவிடுகிறது. ஆகையால் அனுப்புமுன் மூன்று கேள்வி கேட்டுப் பழகச் சொல்லுங்கள். இதைச் செய்தவர் யார்? அவர் பெயர் இதில் இருக்கிறதா? இதை இப்படிக் கொடுப்பதற்கு அவர் சம்மதிப்பாரா? மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், அவர் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சட்டத்தில் குறையிருக்கலாம், அதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். நம் கையிலுள்ள படி ஒன்றாகவே இருக்கட்டும். வாங்கும்போதும் அதுவே, கொடுக்கும்போதும் அதுவே.

வஸ்ஸலாம்.